ஸ்கேன் நார்மல், வலி நார்மல் இல்லை

கேள்வி: எனக்கு வயது 43. குடியாத்தத்தில் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறேன். நான்கு வருடம் முன்பு தண்ணீர்க் குடத்தோடு வழுக்கி விழுந்தேன். அன்று இடுப்பில் தொடங்கிய வலி இப்போது கழுத்து, தோள், இரண்டு கை, தொடை என்று உடம்பு முழுக்கப் பரவிவிட்டது. ராத்திரி சரியான தூக்கம் இல்லை. காலையில் எழுந்தால் யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. இடுப்புக்கும் கழுத்துக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. இடுப்பில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, இந்த வயதில் சகஜம் என்றார் ஒரு டாக்டர். இன்னொருவர், எல்லாம் நார்மல், மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து வீட்டுக்காரர், "ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சு, அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற?" என்கிறார். போன வைகாசியில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் பார்க்க ரொம்ப நேரம் தெருவில் நின்றேன். அன்று வலி அவ்வளவாகத் தெரியவில்லை. "திருவிழாவுக்கு நிக்க முடியுது, பீடி சுத்த முறத்தை எடுத்தா மட்டும் வலிக்குதா?" என்று மாமியார் இன்னும் குத்திக்காட்டுகிறார். மூளையை ஸ்கேன் எடுத்தால் வலி கலர் கலராகத் தெரியும் என்று காலேஜில் படிக்கும் மகன் ஒரு வீடியோ காட்டினான். பெங்களூரில் ஒரு சென்டரில் 18 ஆயிரம் கேட்கிறார்கள். சீட்டு எடுத்த பணம் இருக்கிறது. எடுத்துவிடலாமா டாக்டர்? அந்தப் படத்தைக் காட்டினாலாவது நம்புவார்கள் இல்லையா?

– பெயர் வேண்டாம், குடியாத்தம்.

அன்புள்ள சகோதரிக்கு,

சீட்டுப் பணத்தில் கை வைக்காதீர்கள். அந்த ஸ்கேன் வேண்டாம். உங்கள் வலி உண்மை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைத் தெரிந்துகொள்ளப் படம் எதுவும் எனக்குத் தேவையில்லை. உங்கள் கடிதத்திலேயே போதுமான அடையாளங்கள் இருக்கின்றன.

ஆனால் உங்கள் மகன் காட்டிய வீடியோ முழுப் பொய்யும் இல்லை. அதனால் 'வேண்டாம்' என்று ஒரு வரியில் முடிக்காமல் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். அவனும் படிக்கட்டும். முடிந்தால் உங்கள் வீட்டுக்காரரையும் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில், கையில் இருக்கும் இரண்டு எம்.ஆர்.ஐ. அவை எலும்பு, டிஸ்க், நரம்பு வெளியே வரும் துவாரம் ஆகியவற்றின் உருவத்தைக் காட்டுகின்றன. கட்டி இருக்கிறதா, முதுகெலும்பில் டி.பி. இருக்கிறதா, டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்குகிறதா என்று பார்க்க நல்ல கருவி அது. இவையெல்லாம் உங்களுக்கு இல்லை என்று தெரிந்துவிட்டது. அதனால் அந்தச் செலவு வீண் இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து ஒருவருக்கு வலிக்கிறதா, எவ்வளவு வலிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 40 வயதில் பாதிப் பேருக்கு. 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு. இவர்கள் யாரும் வலி என்று சொன்னவர்களே இல்லை. டிஸ்க் பிதுங்கியும் வலி இல்லாமல் இத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்றால், டிஸ்க் நன்றாக இருந்தும் வலியோடு சிலர் இருப்பதில் என்ன ஆச்சரியம்? முதல் டாக்டர் சகஜம் என்று சொன்னது சரிதான். அதோடு நிறுத்திவிட்டு, அப்படியானால் வலி எதனால் என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் குறை.

எங்கள் ஓ.பி.யில் தினமும் பார்க்கிற காட்சி இது. பெரிய ஃபிலிம் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு வருவார்கள். உட்காரும் முன்பே ஃபிலிமை உருவி டியூப்லைட் பக்கம் நீட்டுவார்கள். "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டால் உடம்பைத் தொட்டுக் காட்ட மாட்டார்கள், ஃபிலிமைக் காட்டுவார்கள். நாலு இடத்தில் நம்பாமல் அனுப்பியவர்கள் அப்படித்தான் வருவார்கள்.

சரி, மூளை ஸ்கேனுக்கு வருவோம். உங்கள் மகன் பார்த்தது எஃப்.எம்.ஆர்.ஐ. என்பதாக இருக்கும். மெஷின் நீங்கள் ஏற்கெனவே படுத்த அதே குழாய்தான், அதே டக் டக் சத்தம்தான். எடுக்கிற விதம் மட்டும் வேறு. மூளையில் ஒரு பகுதி வேலை செய்யும்போது அந்த இடத்துக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும். ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் காந்தப் புலத்தில் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். அந்த வித்தியாசத்தைப் படமாக்கலாம் என்று 1990-ல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி காட்டினார். ஆராய்ச்சியில் எப்படிச் செய்வார்கள் என்றால், குழாய்க்குள் படுக்க வைத்து, கையில் சின்னச் சூட்டுத் தகடு ஒன்றைக் கட்டிவிடுவார்கள். சில நொடி சூடு ஏறும், இறங்கும். எவ்வளவு வலித்தது என்று பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் பல தடவை செய்து, பலருடைய படங்களையும் கணக்குப் போட்டுச் சேர்த்த பிறகுதான் அந்தச் சிவப்பு, மஞ்சள் திட்டுகள் வரும். மெஷினிலிருந்து நேராகக் கலரில் எதுவும் வருவதில்லை. அது கம்ப்யூட்டர் பூசும் கலர்.

அந்தத் திட்டு எதைச் சொல்கிறது? வாசலில் இருக்கிற கரண்ட் மீட்டர் வேகமாகச் சுற்றினால் வீட்டுக்குள் ஏதோ ஓடுகிறது என்று தெரியும். கிரைண்டரா, அயர்ன் பாக்ஸா என்று மீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூளையும் அப்படித்தான். வலிக்கும்போது இன்சுலா என்ற பகுதியில் ரத்த ஓட்டம் கூடும். ஆனால் அருவருப்பான நாற்றம் அடித்தாலும், நெஞ்சு படபடத்தாலும் அங்கே கூடும். வலிக்கு மட்டுமே என்று பட்டா போட்டுக் கொடுத்த இடம் மூளையில் எதுவும் கிடையாது.

ஒரே இடத்தைப் பார்த்தால் தெரியாது, மூளை முழுவதும் சேர்ந்து போடுகிற கோலத்தைப் பார்த்தால் தெரியுமா என்று அமெரிக்காவில் டோர் வேகர் என்பவரின் குழு முயன்றது. 2013-ல் வெளிவந்தது அந்த ஆய்வு. ஆரோக்கியமான 114 பேர். கையில் பட்டது வலிக்கிற சூடா, வெறும் வெதுவெதுப்பா என்பதை மூளைப் படத்தை வைத்தே 94 சதவீதத்துக்கும் மேல் சரியாகப் பிரித்தார்கள். அதிலேயே ஒரு பகுதி ரொம்பச் சுவாரஸ்யமானது. காதல் முறிந்து மனம் நொந்திருந்தவர்களை அழைத்து, பிரிந்து போனவரின் போட்டோவைக் காட்டினார்கள். மனவலி கடுமையாக இருந்தும் அந்தக் கோலம் விழவில்லை. சூடு பட்டபோதுதான் விழுந்தது. வலி மருந்து கொடுத்தால் மங்கியது. "மூளையில் வலி தெரியும்" என்று உங்கள் மகன் பார்த்த வீடியோக்களில் பெரும்பாலானவை இந்த மாதிரி ஆய்வுகளிலிருந்து கிளம்பியவை.

அப்படியானால் உங்களுக்கும் எடுத்துப் பார்க்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். அந்த 114 பேரும் நோயில்லாதவர்கள். அவர்களுக்கு வந்தது சில நொடிச் சூடு. உங்களுடையது நான்கு வருடத்து வலி. இரண்டும் மூளையில் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதே 2013-ல் வந்த இன்னோர் ஆய்வு முதுகு வலிக்காரர்களைப் பார்த்தது. வலி புதிதாக இருக்கும்போது உடம்பின் உணர்ச்சிகளை வாங்கும் பகுதிகளில் வேலை நடக்கிறது. வருடக் கணக்கில் நீடித்தால் அந்த வேலை பயம், கவலை போன்ற உணர்வுகளைக் கையாளும் பகுதிகளுக்கு மாறிவிடுகிறது. அதாவது சூட்டுத் தகட்டுக்காகத் தயாரித்த அளவுகோலை வைத்து உங்களை அளந்தால், தவறான பதில் வர எல்லா வாய்ப்பும் உண்டு. தவிர, இந்த ஆய்வுகள் பெரும்பாலும் இருபது, முப்பது பேரைச் சேர்த்து எடுத்த சராசரி. நோயாளிகள் கூட்டத்துக்கும் மற்றவர்கள் கூட்டத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லலாம். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் காட்டி, இவருக்கு வலி இருக்கிறது, இவருக்கு இல்லை என்று சொல்ல அது போதாது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் இதற்காகவே ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. 2017-ல் அந்தக் குழு வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: தனி ஒருவரின் நாள்பட்ட வலியை நிரூபிக்கவோ மறுக்கவோ மூளைப் படத்தைப் பயன்படுத்தக் கூடாது.

இடையில் ஒரு வேடிக்கை. 2009-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஒரு செத்த சால்மன் மீனை இந்த ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் போட்டோக்களைக் 'காட்டி', அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று 'கேட்டார்கள்'. கணக்கைச் சரியாகத் திருத்தாமல் விட்டால் செத்த மீனின் மூளையிலும் கலர் திட்டு வருகிறது! எவ்வளவு எச்சரிக்கையாகக் கணக்குப் போட வேண்டும் என்று காட்டத்தான் அப்படிச் செய்தார்கள். 2012-ல் இதற்கு இக் நோபல் என்ற கேலிப் பரிசும் கிடைத்தது. 18 ஆயிரத்துக்குக் கலர் படம் தருகிறோம் என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த மீன்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. அந்தப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று வந்தால் என்ன செய்வீர்கள்? முதுகு ஸ்கேன் நார்மல் என்று வந்ததற்கே வீட்டில் இந்தப் பேச்சு. மூளை ஸ்கேனும் நார்மல் என்றால், அந்தக் காகிதத்தை உங்கள் மாமியார் சாகும் வரைக்கும் விட மாட்டார். உங்கள் பணத்தைக் கொடுத்து உங்களுக்கு எதிராகவே சாட்சி வாங்க வேண்டாம்.

அதற்காக இத்தனை வருட மூளை ஆராய்ச்சி உங்களுக்குப் பயனே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் குழாய்க்குள் படுக்காமலே அதன் பலன் உங்களுக்குக் கிடைக்கும். மாமியாரின் திருவிழாக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

வலியிலிருந்து கவனம் வேறு பக்கம் போனால் வலி குறைகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வலி குறைவதாகத் தோன்றுகிறதா, நிஜமாகவே குறைகிறதா? ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து விஞ்ஞானிகள் 2012-ல் இதைச் சோதித்தார்கள். கையில் சூடு வைத்துக்கொண்டே மூளைக்குக் கஷ்டமான ஞாபகப் பயிற்சி ஒன்றைக் கொடுத்தார்கள். மூளையைப் படம் பிடிக்காமல், கழுத்துக்குள் போகும் தண்டுவடத்தைப் படம் பிடித்தார்கள். கையிலிருந்து வலிச் சேதி முதலில் வந்து சேரும் இடம் அது. பயிற்சி கடினமாக இருந்தபோது அந்த இடத்திலேயே வலிச் சேதி குறைந்திருந்தது. மூளை மேலே இருந்துகொண்டு, கீழே தண்டுவடத்திலேயே வலியை மடக்குகிறது. உடம்பு தானே சுரக்கிற, மார்ஃபின் மாதிரியான ரசாயனங்களுக்கு அதில் பங்கு உண்டு. அவற்றைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது இந்தப் பலன் குறைந்தது.

தாரை தப்பட்டையும் கூட்டமும் அம்மன் சிரசு வரும் பரபரப்புமாக இருந்த அந்தக் காலையில் உங்கள் தண்டுவடத்தில் நடந்தது இதுதான். நீங்கள் நடிக்கவில்லை. மறுநாள் தனியாக உட்கார்ந்து முறத்தைப் பார்த்துக் குனிந்தபோது அந்தத் தடுப்பு இல்லை, வலி முழுசாக வந்தது. மாமியார் பார்த்தது உண்மைதான். அதற்கு அவர் சொன்ன காரணம்தான் தப்பு. அவர் குத்திக்காட்டுகிற அந்த நாளே உங்கள் உடம்பில் வலியை அடக்கும் அமைப்பு இன்னும் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். டாக்டராக எனக்கு அது நம்பிக்கை தருகிற சேதி.

உடம்பு முழுக்கப் பரவியது ஏன் என்பதற்கும் பதில் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்கு முதலில் தோன்றுவது ஃபைப்ரோமயால்ஜியா. பரவலான வலி, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, நான்கு வருடம். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன். 2002-ல் இந்த நோய் உள்ள 16 பேரையும் இல்லாத 16 பேரையும் ஸ்கேனரில் வைத்து, கட்டைவிரல் நகத்தில் ஒரே அளவு அழுத்தம் கொடுத்தார்கள். மற்றவர்கள் 'லேசாக அழுத்துகிறது' என்ற அழுத்தமே இவர்களுக்குக் கடுமையாக வலித்தது. மூளையிலும் பல இடங்களில் வேலை கூடியது. மற்றவர்களுக்கு அதே மாதிரி மூளையில் தெரிய வேண்டுமானால் அவர்கள் நகத்தில் இன்னும் நிறைய அழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு அழுத்தினால் அவர்களுக்கும் அதே வலிதான். ஆகவே இவர்கள் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. நரம்பு மண்டலம் சேதியைப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. தசையிலோ எலும்பிலோ காயம் ஆறிப்போயிருக்கலாம். சேதியைப் பெரிதாக்கும் பழக்கம் மட்டும் அப்படியே தங்கிவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான பக்கத்தை நம்ம ஊர்க்காரர்கள் நன்றாக அறிவார்கள். காட்பாடிப் பக்கம் கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்யத் தொடங்கியபோது, விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர் கூர்ந்து பார்த்ததில், வலி தெரியாததால் சூடுபட்டு, வெட்டுப்பட்டு, அதே புண்ணோடு வேலை செய்து விரல் தேய்கிறது என்று தெரிந்தது. காயம் இருந்தும் வலி இல்லாத நிலை அது. அதை நம்புகிற ஊர், காயம் ஆறியும் வலி நிற்காத நிலையை மட்டும் ஏன் நம்ப மறுக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. இரண்டிலும் கோளாறு சேதி கொண்டுபோகும் பாதையில்தான்.

மூளை சுருங்கிவிடும் என்று வீடியோவில் பயமுறுத்தியிருப்பார்கள். நாள்பட்ட முதுகு வலிக்காரர்களுக்கு நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியிலும், மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியிலும் சாம்பல் நிறத் திசு குறைந்திருப்பதாக 2004-ல் ஓர் ஆய்வு வந்தது உண்மை. ஆனால் 2009-ல் இடுப்பு மூட்டுத் தேய்ந்தவர்களைப் பார்த்தபோது, ஆபரேஷன் முடிந்து வலி போனபின் அந்தக் குறைவு திரும்பச் சரியாகி வந்தது. முதல் சேதி பரவிய அளவு இரண்டாவது பரவவில்லை. பயமுறுத்தும் சேதிக்குத்தான் காலும் இறக்கையும் முளைக்கிறது.

இன்னும் தூரத்தில் நடக்கிற வேலைகளும் உண்டு. 2023-ல் சான்ஃப்ரான்சிஸ்கோவில், எந்தச் சிகிச்சைக்கும் மசியாத நாள்பட்ட வலி உள்ள 4 பேரின் மூளைக்குள்ளேயே மின்கம்பி வைத்து, மாதக் கணக்கில் அவர்கள் வீட்டில் இருக்கும்போதே பதிவு செய்தார்கள். வலி கூடிய நேரத்தையும் குறைந்த நேரத்தையும் அந்தப் பதிவை வைத்துக் கணிக்க முடிந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் கோலம் வேறு. ஒருவருடையதை வைத்து இன்னொருவரைக் கணிக்க முடியவில்லை. உங்கள் மகன் நரம்பியல் படிக்கப் போனால் அவன் காலத்தில் இது எங்கேயோ போய் நிற்கும். இன்றைக்குக் குடியாத்தத்தில் உங்களுக்கு உதவாது.

மூளை ஸ்கேன் நிஜமாகவே தேவைப்படும் வலிகளும் இருக்கின்றன. முகத்தில் ஒரு பக்கம் மட்டும் கரண்ட் அடித்த மாதிரி வெட்டி வெட்டி வலித்தால், பக்கவாதம் வந்த பிறகு அதே பக்கத்துக் கை கால் எரிந்தால், இதுவரை இல்லாத தலைவலி வாந்தியோடு வந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும். அது காரணத்தைத் தேடுகிற சாதாரண ஸ்கேன். அதற்குப் பெங்களூர் போக வேண்டியதில்லை. நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியதே வேலூர் சி.எம்.சி.யில்தான். அதேபோல் உங்கள் இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, உட்காருகிற இடம் மரத்துப் போனாலோ, கால் பலம் இழந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சாயந்திரக் காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால் டி.பி.யை மறுபடி பார்க்க வேண்டும். இவை இல்லாதவரை இன்னொரு ஸ்கேன் வேண்டாம்.

அப்படியானால் நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய முறைதான். உட்கார்ந்து கேட்பது. உடம்பின் கோட்டுப் படம் ஒன்றைக் கொடுத்து வலிக்கிற இடத்தையெல்லாம் பேனாவால் தீட்டச் சொல்வோம். பஞ்சால் தடவி, குண்டூசியால் தொட்டு, எங்கே அதிகம் தெரிகிறது, எங்கே மரத்திருக்கிறது என்று பார்ப்போம். தூக்கம், மறதி, வயிறு, அசதி எல்லாம் விசாரிப்போம். தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை, வைட்டமின் டி, பி12, மூட்டு வாதம் இவற்றுக்கு ரத்தப் பரிசோதனை. இவற்றில் பலவும் இதே மாதிரி வலியைத் தரும், சுலபமாகச் சரி செய்யலாம். இவ்வளவுக்கும் பிறகு 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை 'நாள்பட்ட முதன்மை வலி' என்று கேஸ் ஷீட்டிலேயே எழுதலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022-ல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், அது தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டில் காட்ட ஒரு காகிதம்தான் வேண்டும் என்றால் அந்தக் காகிதம் போதும், 18 ஆயிரம் ஆகாது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் திருத்தி எழுதிய விளக்கத்தில், ஒருவர் தனக்கு வலி என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் இதைப் படித்துக்கொண்டிருந்தால்: ஐயா, அடுத்த தடவை அவங்களோட நீங்களும் ஓ.பி.க்கு வாங்க. வெளியில் வண்டியில் காத்திருக்காமல் உள்ளே வந்து உட்காருங்கள். பத்து நிமிஷம் கூட இருந்து கேட்ட கணவர்கள் வீட்டில் வேறு மாதிரி பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

வைத்தியத்துக்கு வருகிறேன். வலி குறைவாக இருக்கிற நாளில் பாக்கியையெல்லாம் சேர்த்துச் சுற்றுவீர்கள், மறுநாள் படுத்துவிடுவீர்கள். சரியா? பீடி சுற்றுகிற பெண்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் வேறு வழியும் இல்லை. ஆனால் நரம்பு மண்டலத்தை மேலும் மேலும் உசுப்பிவிடுவது இதுதான். நல்ல நாளோ கெட்ட நாளோ ஒரே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அது இப்போது சுற்றுவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், வாரங்கள் போகப் போகக் கூட்டலாம். முதுகைச் சுவரில் சாய்த்து, முறத்தை மடியில் வைக்காமல் ஒரு மணை மேல் ஏற்றி வைத்தால் கழுத்து அவ்வளவு குனியாது. நாலைந்து கட்டு முடிந்ததும் எழுந்து வாசல் வரை நடந்துவிட்டு வாருங்கள். இலை வெட்டுவதையும் சுற்றுவதையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். தினமும் நடை வேண்டும். நம்ம மாவட்டத்து வெயிலுக்கு விடிகாலைதான் சரி. முதலில் தெருமுனை வரை போதும். நடந்ததும் வலி கொஞ்சம் கூடும், அதனால் உள்ளே எதுவும் கிழிந்துவிடாது. பிசியோதெரபிக்கு அலைய முடியாவிட்டால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மருந்தில், தூக்கத்தையும் வலியையும் சேர்த்துப் பார்க்கிற சில மாத்திரைகள் உண்டு. சிறு அளவு அமிட்ரிப்டிலின், துலோக்ஸெட்டின், பிரிகாபலின் போன்றவை. டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும், எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. இதில் சில மனச்சோர்வுக்கும் கொடுப்பவை. மருந்துச் சீட்டைப் பார்த்து 'எனக்குப் பைத்தியமா' என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் அந்தத் தடுப்புப் பாதைக்கு இவை உதவுகின்றன. மெடிக்கலில் தருகிற 'செட் மாத்திரை'யைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பொட்டலத்தில் நாலு கலரில் வரும் அதில் ஸ்டீராய்டு இருந்தால் இரண்டு நாள் பறப்பது போல இருக்கும், அப்புறம் சர்க்கரையும் எலும்பும் கெட்டுவிடும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தினமும் போட்டால் வயிறும் கிட்னியும் போகும். உங்கள் மாதிரி வலிக்கு அவை பெரிதாகக் கேட்பதும் இல்லை.

வலியைப் பற்றிய பயத்தைக் குறைக்கிற பேச்சுச் சிகிச்சையும் இருக்கிறது. 2021-ல் நாள்பட்ட முதுகு வலிக்காரர்கள் 151 பேரிடம் செய்த ஆய்வில், அந்தச் சிகிச்சை எடுத்தவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி போனது அல்லது போன மாதிரி ஆனது. மருந்தில்லாத பொய் ஊசி போட்டவர்களில் 20 சதவீதம், வழக்கமான வைத்தியத்தில் 10 சதவீதம். அதே ஆய்வில் எஃப்.எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள், மூளையிலும் மாற்றம் தெரிந்தது. இரண்டாவது டாக்டர் 'மனசைத் திடப்படுத்துங்கள்' என்றதும் இதுவும் ஒன்றா என்று கேட்பீர்கள். இல்லை. அவர் உங்களை அனுப்பிவைத்தார். இது உங்களோடு உட்கார்ந்து செய்யும் வைத்தியம். எல்லோருக்கும் இந்த அளவு பலிக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். குடியாத்தம் அரசு மருத்துவமனையில் தொடங்குங்கள். அங்கே முடியாததை அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கு எழுதித் தருவார்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் ஓ.பி. நாள் வரைக்கும் காத்திருக்காமல் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழைத்துப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம்.

தம்பி, உனக்கு ஒரு வேலை. அந்த பெங்களூர் சென்டருக்கு போன் போட்டு மூன்று கேள்வி கேள். நீங்கள் எடுப்பது எஃப்.எம்.ஆர்.ஐ.யா, தலையில் வயர் ஒட்டி எடுக்கும் இ.இ.ஜி.யா? 'பிரெயின் மேப்பிங்' என்ற பெயரில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. தனி ஒருவருக்கு வலி உண்டா இல்லையா என்று சொல்ல அதை எந்த மருத்துவச் சங்கம் ஏற்றிருக்கிறது? ரிப்போர்ட்டைப் பார்த்து என் அம்மாவின் மருந்தில் எதை மாற்றுவீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் அட்வான்ஸ் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கேட்பார்கள். அப்போது போனை வைத்துவிடு.